இரவுப் பாலும் பகல் சோறும்

ஒரு வயது தாண்டியும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைப் பற்றி பர்மாவின் ரங்கூன், பெகு, மோல்மீன், தட்டோன் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘பாலை நிறுத்திவிடட்டுமா?’ பால் இருக்கட்டும், முதலில் பகல் தட்டைப் பார்ப்போம் என்பதே பெரும்பாலான கேள்விகளுக்கு எங்கள் பதில்.

மகனுக்கு 14 மாதம், எடை 8.4 கிலோ. இரவில் ஐந்தாறு தடவை எழுந்து பால் கேட்கிறான். பகலில் இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்குவதில்லை. எங்களுக்குப் பஜாரில் துணிக்கடை; பகல் முழுக்க அவன் என் மாமியாரிடம் இருக்கிறான். ‘வருஷம் ஒன்று ஆனபிறகு உன் பால் வெறும் தண்ணீர்தான், டின் பால் வாங்கிக் கொடு’ என்கிறார் அத்தை. வாங்கலாமா?
– வாசகி, இன்செயின்

அத்தையிடம் பொறுமையாகச் சொல்ல உங்களுக்குச் சில எண்கள் தருகிறோம். இரண்டாம் வயதில் ஒரு குழந்தை நாளுக்குச் சுமார் 450 மில்லி தாய்ப்பால் குடித்தால், அவனுக்கு வேண்டிய கலோரியில் ஏறத்தாழ 30 சதவீதமும், புரதத்தில் 43, வைட்டமின் ஏ-யில் 75, ஃபோலேட்டில் 76, பி12-இல் 94 சதவீதமும் அந்தப் பாலிலேயே கிடைத்துவிடும். அதைத் தண்ணீர் என்று சொல்வது அநியாயம். அந்தப் பாலில் மிகமிகக் குறைவாக இருப்பது இரும்புச் சத்து. வயிற்றில் இருந்தபோது சேர்த்து வைத்த இரும்பு ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். இரும்பு குறைந்த குழந்தைக்குப் பசி மந்தமாகும். பசி மந்தமானால் சாப்பாடு இன்னும் குறையும். இந்தச் சுற்றில்தான் பல குழந்தைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் மகன் இரவில் எழுவதற்குக் காரணம் தெளிவு. பகலில் நீங்கள் கடையில் இருக்கிறீர்கள், பால் இல்லை. பாட்டி தரும் கஞ்சி வயிற்றை நிரப்பினாலும் பசியைத் தணிக்கவில்லை. ஆகவே அம்மா பக்கத்தில் படுத்திருக்கும் எட்டு மணி நேரத்தில் அன்றைய கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிறான். இரவில் நிறையக் குடித்தவன் காலையில் தட்டைத் தள்ளுகிறான். இதைப் பகல் பக்கத்திலிருந்து அவிழ்ப்பதே சுலபம்.

இந்த வயதில் தாய்ப்பாலுக்கு மேலே உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 550 கலோரி வேண்டும். குழந்தையின் இரைப்பை கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும். உங்கள் மகனுக்கு 250 மில்லி. நீர்க்கஞ்சி 100 மில்லியில் 30, 40 கலோரிக்கு மேல் தேறாது. நான்கு வேளை வயிறு முட்ட ஊட்டினாலும் 550-ஐ எட்டுவது கடினம். அதனால் கஞ்சியின் கெட்டிதான் முதல் மாற்றம். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முக்கால் கிண்ணம் குழைந்த சோறு, இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் பருப்பு, பாதி அவித்த முட்டை, ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் அல்லது நெய்: இது ஒரே கிண்ணத்தில் 250 கலோரியைத் தாண்டிவிடும். எண்ணெய் ஒரு தேக்கரண்டி மட்டும் 40 கலோரி. பிசைந்து கொடுங்கள், மிக்ஸியில் அரைக்க வேண்டாம்; 14 மாதத்தில் மெல்லப் பழக வேண்டும்.

நாளுக்கு மூன்று, நான்கு வேளை சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவும் போதும். வாழைப்பழம், அவித்த பூசணி, தயிர், தோல் நீக்கி மசித்த பேபியோ (அவித்த பட்டாணி), வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைச் சோற்றில் கலந்து ஒரு தேக்கரண்டி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். முழுக்கடலை, முழுப்பட்டாணி ஐந்து வயது வரை கையில் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் போய் அடைக்கும். மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடும் வீடுகளில் அந்த நூடுல்ஸை வெட்டி, மீனை முள் எடுத்து, குழம்பைக் கொஞ்சமாகக் கலந்து ஊட்டலாம். உப்பும் மிளகாயும் சேர்ப்பதற்கு முன்பே குழந்தையின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். நாப்பி எனும் புளித்த மீன் விழுது அந்தப் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிக உப்பு.

இரும்புக்கு வருவோம். கீரையில் இரும்பு இருக்கிறது. ஆனால் அதில் உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். இறைச்சி, ஈரல், மீன் தரும் இரும்பு பல மடங்கு சுலபமாக ஏறும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், இரண்டு மேசைக்கரண்டி நன்றாக வெந்த கோழி ஈரலை மசித்துச் சோற்றில் சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். மற்ற நாளில் கோழியோ மீனோ முட்டையோ ஏதாவது ஒன்று. பருப்பும் கீரையும் தரும் வேளையில் எலுமிச்சை நாலு சொட்டு பிழிந்தால் இரும்பு கூடுதலாக ஏறும். டீக்கடையிலிருந்து வரும் பால் டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். டீயின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும், அதில் உள்ள சர்க்கரை பசியைக் கொல்லும்.

டின் பால் என்று அத்தை சொல்வது கண்டென்ஸ்ட் மில்க் என்றால், அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அது குழந்தை உணவே அல்ல. ‘ஒரு வயதுக்கு மேல்’ என்று எழுதி விற்கும் பால் மாவாக இருந்தால், இந்த வயதில் அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காய்ச்சிய பசும்பால் கொடுக்கலாம், புட்டியில் வேண்டாம், டம்ளரில். தாய்ப்பாலும் குடிக்கும் குழந்தைக்கு 200, 300 மில்லி தாராளம். அரை லிட்டர் தாண்டினால் சாப்பாடும் போகும், இரும்பும் போகும்.

எடை: வளர்ச்சி அட்டையில் 14 மாத ஆண் குழந்தைக்கு நடுக்கோடு சுமார் 10.1 கிலோ, கீழ்க்கோடு 8.1. உங்கள் மகன் கோட்டுக்குள்தான் இருக்கிறான், ஆனால் கீழே ஒட்டி. இந்த ஒரு எண்ணை விட முக்கியம் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது. மாதம் ஒரு முறை ஒரே தராசில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று மாதமாக ஏறாமல் நின்றிருந்தால், அல்லது மேற்கையின் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே போனால், தாமதிக்காமல் டவுன்ஷிப் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், 10.5-க்குக் கீழ் இருந்தால் இரும்பு மருந்து வேண்டும், அளவை மருத்துவர் எழுதித் தரட்டும். பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. அதிக இரும்பு குழந்தைக்கு நஞ்சு.

மாலை கடையிலிருந்து வந்ததும் ஓடி வந்து பால் கேட்பான். கொடுங்கள். இரவுச் சோற்றை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பகல் சாப்பாடு சீராகி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இரவு மாற்றம் தெரியும். அதற்குள் மனம் தளர்ந்து புட்டியை எடுத்துவிடாதீர்கள்.

மகளுக்கு 20 மாதம். நன்றாகச் சாப்பிடுகிறாள், எடையும் சரி. ஆனாலும் இரவில் நான்கு முறை பால். தூக்கமில்லாமல் எனக்குத் தலை சுற்றுகிறது. பகல் பாலைத் தொடர ஆசை. இரவுப் பாலை மட்டும் நிறுத்த முடியுமா? வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்கள்.
– வாசகி, பெகு

முடியும். அதில் குற்ற உணர்வும் வேண்டாம். 20 மாதத்தில், பகலில் வயிறாரச் சாப்பிடும் குழந்தைக்கு இரவுப் பால் பசிக்காக அல்ல. மார்பிலேயே கண் மூடிப் பழகியவள், இரவில் இயல்பாக வரும் ஒவ்வொரு அரைவிழிப்பிலும் அதே வழியைத் தேடுகிறாள்.

வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. வேப்பிலை விழுது, கற்றாழை, மிளகாய் எதுவும் தேவையில்லை. நேற்றுவரை ஆறுதலாக இருந்த இடம் இன்று கசந்தால் குழந்தை மிரண்டுபோகும். திடீரென நிறுத்திய மார்பும் கட்டிக்கொள்ளும்.

முதல் வாரம் தூங்கவைக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். இரவுச் சோறு, அரை மணி கழித்துப் பால், பிறகு பல் துலக்கல், பிறகு பாட்டோ கதையோ. பால் முடிந்து விழித்திருக்கும்போதே படுக்கைக்குப் போக வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். தானாகத் தூங்கப் பழகிய குழந்தை நடு இரவிலும் தானாகத் தூங்கும்.

இரண்டாம் வாரம் கடிகாரத்தைப் பாருங்கள். நடு இரவுப் பால் ஒன்று ஐந்து நிமிடத்துக்குள் முடிவதாக இருந்தால் அதை நேரடியாக நிறுத்தி, தட்டிக்கொடுத்துத் தூங்கவையுங்கள். பத்து நிமிடம் குடிப்பவள் என்றால் இரண்டு இரவு எட்டு நிமிடம், அடுத்த இரண்டு இரவு ஆறு, பிறகு நான்கு, பிறகு இல்லை. வாயிலிருந்து எடுக்க, சுண்டு விரலை உதட்டோரம் விட்டு உறிஞ்சலை விடுவியுங்கள். இழுத்தால் காம்பு புண்ணாகும். நள்ளிரவுப் பாலை முதலிலும் விடியற்காலைப் பாலைக் கடைசியிலும் எடுங்கள். விடியற்காலைத் தூக்கம் லேசானது, அங்கே போராட்டம் அதிகம். இருபது மாதக் குழந்தைக்குப் பேச்சு புரியும். ‘இருட்டினால் பாலும் தூங்கும், வெளிச்சம் வந்தால் எழும்’ என்று பகலிலேயே நாலு தடவை சொல்லி வையுங்கள்.

அவள் அப்பா இரண்டு மூன்று இரவு பக்கத்தில் படுத்தால் வேலை பாதியாகக் குறையும். அம்மாவின் வாசனை அருகில் இருக்கும்வரை எந்தக் குழந்தையும் சும்மா இருக்காது. அழுதால் தூக்கி அணைக்கலாம், டம்ளரில் தண்ணீர் தரலாம். இங்கே பல குடும்பங்கள் தவறும் இடம் ஒன்று உண்டு: மூன்று இரவு மறுத்துவிட்டு, நாலாவது இரவு அழுகை தாங்காமல் கொடுத்துவிடுவது. அதிலிருந்து குழந்தை கற்பது ‘இன்னும் கொஞ்சம் அழ வேண்டும்’ என்பதைத்தான். தாங்காது என்று தோன்றினால் இரண்டு நாள் பழைய நிமிடக் கணக்குக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி இறங்குங்கள்.

காய்ச்சல், பல் முளைக்கும் வலி, பயணம் இருக்கும்போது தொடங்க வேண்டாம். தீங்யான் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் வெக்கையில், கரண்டும் இல்லாத இரவுகளில், குழந்தை எழுவது தாகத்துக்கும் புழுக்கத்துக்கும். மழை இறங்கும்வரை பொறுங்கள்.

மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி, ஈரத்துணியைக் குளிரக் குளிர வையுங்கள். முழுவதும் பீய்ச்சினால் உடம்பு மறுபடி அதே அளவு சுரக்கும். கட்டியை அழுத்தி உருட்டுவது வீக்கத்தைக் கூட்டும். சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். பகல் பாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

18 மாதப் பையனுக்கு மேல்பல் ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிகிறது. இரவுப் பாலால்தானா?
– வாசகர், தட்டோன்

அந்த வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் படி. பழுப்பாகிக் குழி விழுவதற்கு முன் பிடித்துவிட்டீர்கள், இன்னும் மீட்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு இரவு முழுக்க அடிக்கடி குடிப்பது பங்கு வகிக்கலாம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் பால் பல்லிலேயே தங்கும். ஆனால் பனைவெல்லத் துண்டு, இனிப்புப் புட்டி, கண்டென்ஸ்ட் மில்க் தடவிய ரொட்டி ஆகியவை அதைவிடப் பெரிய எதிரிகள். அவற்றை முதலில் எடுங்கள். 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசையை அரிசி மணி அளவு மட்டும் எடுத்து, காலையும் இரவும் நீங்களே துலக்கிவிடுங்கள். இரவில் துலக்கியபின் தாய்ப்பால், தண்ணீர் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது. மாதம் ஒரு முறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் மருத்துவரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள்.

எனக்கு எட்டாம் மாதம். மூத்தவள் 22 மாதம், இன்னும் பால் குடிக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பால் கெட்டுப்போகுமா? பிரசவத்துக்குப் பின் சோறும் கருவாடும் மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள் பக்கத்து வீட்டு பர்மியப் பெண்கள். எங்கள் வீட்டிலும் பத்தியம் கடுமை.
– வாசகி, மோல்மீன்

பால் கெடாது. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே சீம்பால் ஊறத் தொடங்கிவிடும். பெரியவள் குடித்தாலும் அது தீர்ந்துபோகாது. பிறந்தபின் முதல் சில நாள் சின்னக் குழந்தைக்கே முதல் உரிமை, பிறகு பெரியவளுக்கு. ரத்தக்கசிவு இருந்தாலோ, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

கவலை தருவது பத்தியம்தான். இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகள் விஷயத்தில் எல்லாத் தாய்மாரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நோய் பெரிபெரி. தாயின் உடம்பில் வைட்டமின் பி1 குறைந்தால் பாலிலும் குறையும். குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் திடீரென்று நிலை மாறும். பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும், அழுகைச் சத்தம் கம்மும் அல்லது சத்தமே வராமல் வாய் மட்டும் அழும். இதயம் தளர்ந்து சில மணி நேரத்தில் உயிர் போகலாம். இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ‘பெரிபெரியா பாருங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பி1 ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே தேறும் நோய் இது. அதனாலேயே இதில் ஒரு குழந்தையைக் கூட இழக்கக்கூடாது.

பி1 எங்கே தொலைகிறது? தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 0.06 மி.கி. அளவுதான், நாலைந்து தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துவிட்டால் அதுவும் போச்சு. பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 1.5 மி.கி. வேண்டும். வேக வைக்காத நாப்பி, ஊறவைத்த பச்சை மீன் ஆகியவற்றில் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். டீ, லப்பே எனும் ஊறவைத்த தேயிலை, குன்யா எனும் வெற்றிலைச் சுருளில் வரும் பாக்கு எல்லாம் பி1-ஐக் குலைக்கும். பயறு சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுவதும் அதை அழிக்கும்.

நம் முன்னோர் கொண்டுவந்த புழுங்கலரிசிக்கு இங்கே ஒரு மதிப்பு உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது; தீட்டிய பிறகும் 0.2 மி.கி. அளவு தங்கும். 1905-06-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தபோது, பெரிபெரி வந்தது பெரும்பாலும் பச்சரிசி சாப்பிட்டவர்களுக்குத்தான். ரங்கூன், மோல்மீன் தமிழ் வீடுகள் பச்சரிசிக்கு மாறியபின் அந்தக் காவல் போய்விட்டது. புழுங்கல் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அரிசியை ஒரே தண்ணீரில் அலசி, வடிக்காமல் அளவுத் தண்ணீரில் பொங்குங்கள்.

பத்தியத்தில் எதைச் சேர்க்கலாம் என்று வீட்டில் கேட்பார்கள். பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, பேபியோ, எள், வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, சாப்பிடுகிறவர்களுக்குப் பன்றி இறைச்சி: எல்லாம் பி1 தருபவை. பூண்டுக்குழம்பும் மிளகு ரசமும் இருக்கட்டும்; அவற்றோடு நாளுக்கு இரண்டு கிண்ணம் கெட்டிப் பருப்பும் ஒரு பிடி கடலையும் சேருங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் வரை பி1 மாத்திரை தருவது இந்த நாட்டுத் தாய்சேய் நல வழக்கம். உங்களுக்கு எட்டாம் மாதம். இந்த வாரமே மிட்வைஃபிடம் கேட்டு வாங்குங்கள். குன்யா போடும் பழக்கம் இருந்தால் பால் கொடுக்கும் காலம் முழுவதும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள புகையிலையின் நிகோடின் பாலில் இறங்கிக் குழந்தையின் தூக்கத்தையும் கெடுக்கும்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. 16 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதுமா?
– வாசகி, தாம்வே

மேலே பி12 பற்றிச் சொன்ன கணக்கு, தாயிடம் பி12 இருந்தால்தான் செல்லும். சைவத் தாய்க்கு அது அடிக்கடி குறையும். நீங்கள் பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு நாளுக்கு ஒரு கிண்ணம் தயிர் அல்லது பால், இரண்டு வேளை பருப்பு. பழகிய நடையோ பேச்சோ பின்வாங்கினால், விரல் முட்டிகள் கறுத்தால், கை நடுங்கினால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். சைவக் குழந்தைக்கு இரும்புச் சொட்டு மருந்து பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் பாலை நிறுத்துவது சரியா?
– வாசகர், துவாண்டே

தவறு. அப்போதுதான் பால் அதிகம் வேண்டும். இரவிலும் கேட்டபோதெல்லாம் கொடுங்கள். ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டியால் கொடுங்கள். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பாக்கெட், கண் அளவு என்றெல்லாம் வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். துத்தநாக மாத்திரை நாளுக்கு 20 மி.கி., வயிற்றுப்போக்கு நின்றபிறகும் விடாமல் 10 முதல் 14 நாள். சோற்றையும் நிறுத்த வேண்டாம். நோய் தணிந்தபின் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்கவே முடியாத சோர்வு தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே போகலாம்.